வளரும் குழந்தைக்கு ஏற்ற சைக்கிளைத் தேர்ந்தெடுத்தல்

நம் நாட்டில் குழந்தைக்குச் சைக்கிள் வாங்கும் குடும்பங்களிற் பெரும்பாலானவை ஒரே எண்ணத்துடன் கடைக்குச் செல்கின்றன. "குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கிறது, சற்றுப் பெரியதாக வாங்கினால் பல ஆண்டுகளுக்கு உதவும்" என்பதே அவ்வெண்ணம். சட்டை தைக்கும்பொழுது இவ்வாறு கருதுவதில் பெருந் தீங்கு இல்லை. தொளதொளப்பான சட்டை எவரையும் கீழே தள்ளுவதில்லை. சைக்கிளோ உடலின் அளவோடு பொருந்தி இயங்கவேண்டிய ஓர் இயந்திரம். கால் தரையை எட்டாமலும், விரல் பிரேக் பிடியை எட்டாமலும் உள்ள வண்டியில் ஏறும் குழந்தை, அது வளர்ந்து பொருந்தும் நாள் வரையில் ஒவ்வொரு நாளும் ஆபத்தோடு பயணம் செய்கிறது. குழந்தையின் இன்றைய அளவுக்குப் பொருந்துவதும், வரும் இரண்டு மூன்று ஆண்டுகளின் வளர்ச்சிக்கு இடந்தருவதுமான வண்டியை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை ஆசிரியர்களும் கிராம ஊழியர்களும் பெற்றோருக்கு எடுத்துரைக்கும் வகையில் இக்கட்டுரை விளக்குகிறது.

பெரிய வண்டியும் சிறிய உடலும்

வீட்டில் தந்தையின் சைக்கிள் ஒன்றே இருந்த காலத்தில், சிறுவர்கள் அதன் குறுக்குக் கம்பிக்குக் கீழுள்ள முக்கோண இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, பக்கவாட்டில் தொங்கியவாறு பெடலை மிதித்து ஓட்டினர். வட இந்தியாவில் இதைக் 'கைஞ்சி', அதாவது கத்தரி என்றும், தமிழ்நாட்டில் 'குரங்குப் பெடல்' என்றும் கூறுவர். இம்முறையில் சிறுவனின் உடல் ஒரு புறமும் வண்டி மறு புறமும் சாய்கின்றன. இரண்டின் கூட்டுப் புவியீர்ப்பு மையம் சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டுக்கு மேலே நிற்பதால் வண்டி விழாமல் ஓடுகிறது. இது பௌதிக விதியின் அழகான எடுத்துக்காட்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்நிலையில் சிறுவன் நேராக முன்னோக்கிப் பார்க்க இயலாது. இரு பிரேக்குகளையும் ஒருங்கே பிடிக்க இயலாது. அவசரத்தில் காலை ஊன்றவும் இயலாது. பல தலைமுறைகள் இவ்வாறு பழகின என்பது சிறுவர்களின் திறமைக்குச் சான்றாகுமேயன்றி, அம்முறையின் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

வளர்ச்சியின் கணக்கு

ஐந்து வயது முதல் பருவமடையும் காலம் வரை குழந்தையின் உயரம் ஆண்டுக்குச் சுமார் 5 முதல் 6 செ.மீ. கூடுகிறது. இவ்வுயரத்தில் ஏறக்குறையப் பாதி கால்களில் நிகழும் வளர்ச்சியாகும். ஆகவே காலின் உட்புற நீளம் ஆண்டுக்கு 3 செ.மீ. அளவில் கூடுவதாகக் கொள்ளலாம். பருவமடையும் காலத்தில் இவ்வேகம் மிகுகிறது; சிறுமிகளுக்கு இம்மாறுதல் சிறுவர்களைக் காட்டிலும் சுமார் இரண்டாண்டு முன்னதாகவே தோன்றுகிறது.

வயதைக் கொண்டு சைக்கிளின் அளவை முடிவு செய்வது தவறு. உலக சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகளின்படி, ஆறு வயதுச் சிறுவனின் நடுத்தர உயரம் 116 செ.மீ. ஆகும். ஆனால் 106 செ.மீ. உயரமுள்ளவனும் 126 செ.மீ. உயரமுள்ளவனும் ஏறத்தாழ இயல்பான வரம்புக்குள் அடங்குபவர்களே. ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இவ்விருவருக்கும் ஒரே சைக்கிள் பொருந்தாது. கடைக்காரர் "குழந்தைக்கு வயது என்ன?" என்று வினவும்போது, வயதோடு கால் அளவையும் கூறுதல் வேண்டும்.

அளவெடுக்கும் முறை

இதற்கு ஒரு சுவர், ஒரு தடித்த புத்தகம், ஒரு பென்சில், ஓர் அளவு நாடா ஆகியவையே போதுமானவை.

குழந்தையை வெறுங்காலுடன், முதுகு சுவரில் படும்படி, பாதங்களைச் சிறிது அகற்றி நிற்கச் செய்க. புத்தகத்தைக் கால்களுக்கிடையே வைத்து, அதன் முதுகுப்புறம் மேலே இருக்குமாறும், ஓர் ஓரம் சுவரோடு படிந்திருக்குமாறும் மெல்ல மேலே உயர்த்துக. சீட்டில் அமர்ந்தால் எவ்வளவு அழுத்தம் ஏற்படுமோ அவ்வளவு அழுத்தம் போதும். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரில் படும் இடத்தைக் குறித்து, தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்தால், அதுவே காலின் உட்புற அளவாகும். இரு முறை அளந்து ஒப்பிட்டுக் கொள்வது நலம்.

கடையில் அளக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, சீட்டை மிகத் தாழ்த்திய நிலையில் தரையிலிருந்து அதன் மேற்பரப்பு வரையுள்ள உயரம். இரண்டாவது, சீட்டை மிக உயர்த்திய நிலையில் அதே உயரம். சீட்டைத் தாங்கும் குழாயில் ஒரு வரம்புக் கோடு பொறிக்கப்பட்டிருக்கும். அக்கோடு வெளியே தெரியும் அளவுக்குக் குழாயை உயர்த்தலாகாது; உயர்த்தினால் குழாய் வளையவோ, சட்டம் பிளக்கவோ கூடும்.

புதிதாகப் பழகும் குழந்தைக்குச் சீட்டின் உயரம் காலின் உட்புற அளவுக்கு மிகாதிருத்தல் வேண்டும். அப்பொழுதுதான் அமர்ந்தவாறே இரு பாதங்களையும் தரையில் முழுமையாக ஊன்ற முடியும். நன்கு பழகிய குழந்தைக்குச் சீட்டை அதைவிடச் சுமார் 5 செ.மீ. உயர்த்தலாம், முன்பாதங்கள் தரையைத் தொட்டால் போதும். குறுக்குக் கம்பியுள்ள வண்டியாயின், அதன் இரு புறமும் காலூன்றி நிற்கையில் கம்பிக்கும் உடலுக்கும் இடையே மூன்று விரற்கடையேனும் இடைவெளி இருத்தல் அவசியம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 116 செ.மீ. உயரமுள்ள, சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒரு குழந்தையின் கால் அளவு 52 செ.மீ. எனக் கொள்வோம். கடையிலுள்ள ஒரு வண்டியின் சீட்டு 50 முதல் 62 செ.மீ. வரை உயர்கிறது, மற்றொன்று 60 முதல் 75 செ.மீ. வரை உயர்கிறது. முதல் வண்டியில் இன்று 52 செ.மீ. உயரத்தில் சீட்டை வைத்துப் பழகலாம்; பழகிய பின் 57 செ.மீ. ஆக்கலாம், அதன்பின் ஆண்டுக்கு 3 செ.மீ. வீதம் உயர்த்தினால் ஏறக்குறைய இரண்டாண்டு காலம் அது உதவும். இரண்டாவது வண்டியின் சீட்டோ மிகத் தாழ்ந்த நிலையிலும் குழந்தையின் காலைவிட 8 செ.மீ. உயரமாக உள்ளது. அது பொருந்துவதற்கு இரண்டாண்டுக்கு மேல் ஆகும்; அதற்குள் குழந்தை அஞ்சிச் சைக்கிளையே வெறுத்துவிடவும் கூடும். 'பல ஆண்டு உதவும்' என்று வாங்கப்பட்ட வண்டி, முதல் இரண்டாண்டுகளில் உதவாத வண்டியாகிவிடுகிறது.

சக்கரத்தின் அளவு

குழந்தைகளின் சைக்கிள்கள் சக்கரத்தின் விட்டத்தைக் கொண்டு பெயரிடப்படுகின்றன. கால் அளவுக்கேற்பக் கீழ்க்கண்ட அளவுகள் ஏறக்குறையப் பொருந்தும்:

12 அங்குலம் — கால் அளவு 35 முதல் 42 செ.மீ.
14 அங்குலம் — 40 முதல் 48 செ.மீ.
16 அங்குலம் — 45 முதல் 55 செ.மீ.
20 அங்குலம் — 53 முதல் 63 செ.மீ.
24 அங்குலம் — 60 முதல் 72 செ.மீ.
26 அங்குலம் — 70 செ.மீ.க்கு மேல்

இவை வழிகாட்டும் எண்களே. ஒரே சக்கர அளவுள்ள இரு வண்டிகளின் சட்டங்கள் வேறுபடுவதால், சீட்டின் உயரத்தை அளப்பதே உறுதியான சோதனை. சர்வதேசத் தர அமைப்பும் இவ்வழியையே பின்பற்றுகிறது. சிறு குழந்தைகளின் சைக்கிள்களுக்கான ஐ.எஸ்.ஓ. 8098 என்னும் தர விதி, சீட்டின் உச்ச உயரம் 435 மி.மீ.க்கு மேலும் 635 மி.மீ.க்குக் குறைவாகவும் உள்ள வண்டிகளைக் குறிக்கிறது. அங்கும் அளவுகோல் சீட்டின் உயரமேயன்றிச் சக்கரத்தின் விட்டம் அன்று.

எடை

பெரும்பாலோர் கவனியாது விடுவது எடையே. 20 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு 10 கிலோகிராம் எடையுள்ள வண்டியை அளிப்பது, 60 கிலோகிராம் எடையுள்ள மனிதருக்கு 30 கிலோகிராம் வண்டியை அளிப்பதற்கு ஒப்பாகும். அத்தகைய வண்டியை மேட்டில் மிதிப்பதும், சாயும்பொழுது தாங்கி நிறுத்துவதும் வளர்ந்தவர்க்கே கடினம். வண்டியின் எடை குழந்தையின் எடையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருப்பது விரும்பத்தக்கது. பாதியை எட்டினால் அவ்வண்டியைத் தவிர்ப்பதே நலம்.

எடையைக் காண்பது எளிது. ஒருவர் எடைக் கருவியில் தனியே ஏறியும், பின்னர் சைக்கிளைத் தூக்கியவாறு ஏறியும் பார்த்து, வேறுபாட்டைக் கணக்கிடலாம். தொங்கு தராசு உள்ள இடங்களில் வண்டியை நேரே தொங்கவிட்டு அளக்கலாம்.

குழந்தைகளின் கண்ணைக் கவரும் சில உறுப்புகள் எடையை மட்டுமே கூட்டுகின்றன. முன் கவையிலும் சட்டத்திலும் அமைந்த சுருள்வில் அத்தகையது. குழந்தையின் குறைந்த எடைக்கு அவ்வில் சிறிதே அமுங்குவதால் அதிர்ச்சியைத் தாங்கும் பயன் அரிதாகவே கிட்டுகிறது. அளவாகக் காற்றடைத்த, சற்றே அகன்ற டயர் அவ்வேலையை எடையின்றிச் செய்துவிடும்.

பிரேக்

வண்டியை ஓட்டத் தெரிவதைக் காட்டிலும் நிறுத்தத் தெரிவது முதன்மையானது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் குழந்தை, ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி எடுத்துக்கொள்ளுமாயின், அதற்குள் வண்டி 2.8 மீட்டர் சென்றுவிடும். அதன்பின் விநாடிக்கு விநாடி 2 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், நிற்பதற்கு மேலும் 1.9 மீட்டர் தேவை; மொத்தம் 4.7 மீட்டர். வேகம் 15 கிலோமீட்டராயின் இத்தொலைவு சுமார் 8.5 மீட்டராகிறது. வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது நிற்கும் தொலைவு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது கவனிக்கற்பாலது.

பிரேக் பிடி குழந்தையின் கைக்கு எட்டுகிறதா என்பதை இவ்வாறு சோதிக்கலாம். குழந்தை கைப்பிடியைப் பற்றியிருக்கும் நிலையில் விரல்களை நீட்டினால், அவற்றின் முதல் கணு பிடியின் மீது வளைந்து படிய வேண்டும். நுனி மட்டும் தொட்டால் போதாது. பிடியின் தொலைவைக் குறைக்கும் திருகு பல வண்டிகளில் உண்டு; அதைத் திருப்பித் தரும்படி கடைக்காரரைக் கேட்கலாம். பின்னர் குழந்தை தானே இரு பிடிகளையும் அழுத்தி நிற்க, பெரியவர் ஒருவர் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிப் பார்க்க வேண்டும். சக்கரங்கள் உருண்டால் பிரேக் சரியில்லை. பெரியவரின் கைவலிமையால் பிடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது.

முலாம் பூசிய இரும்பு ரிம்மில் மழைக்காலத்தில் பிரேக் கட்டையின் பிடிப்பு வெகுவாகக் குறைகிறது. அலுமினிய ரிம் இதனிற் சிறந்தது; எடையும் குறைவு. இரும்பு ரிம் உள்ள வண்டியை ஓட்டும் குழந்தைக்கு, மழையில் வேகத்தைக் குறைக்கவும், முன்கூட்டியே பிரேக்கை மெல்லப் பிடித்து ரிம்மிலுள்ள நீரை நீக்கிக்கொள்ளவும் கற்பித்தல் வேண்டும்.

கிராங்கும் பல்சக்கரமும்

பெடலைத் தாங்கும் கிராங்கின் நீளம், ஓட்டுபவரின் உயரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இருப்பது பொருத்தம். 116 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு 11 அல்லது 12 செ.மீ. போதும். வளர்ந்தவர் வண்டியின் 17 செ.மீ. கிராங்கை அக்குழந்தை மிதித்தால், முழங்கால் மார்பை நோக்கி எழும். இடுப்பு இரு புறமும் அசையும். வண்டியும் நேர்க்கோட்டில் செல்லாது.

பெடலை ஒரு முறை சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் செல்கிறது என்பது மற்றொரு முக்கியமான அளவு. முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, பின் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கினால் இது கிடைக்கும். 44 பற்களும் 18 பற்களும், 2.2 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரமும் அமைந்த பெரிய சைக்கிள் ஒரு சுற்றில் 5.4 மீட்டர் செல்கிறது. 28 பற்களும் 16 பற்களும், சுமார் 1.28 மீட்டர் சுற்றளவும் உள்ள சிறுவர் வண்டி 2.2 மீட்டரே செல்கிறது. தூரம் குறையக் குறைய மிதிப்பதற்கான விசையும் குறைகிறது. நெம்புகோலின் விதியே இங்கும் செயற்படுகிறது. எனவே சிறு குழந்தைக்கு வேகம் மிகுந்த அமைப்பு தேவையில்லை. பல கியர்கள் கொண்ட அமைப்பு, மேடுபள்ளமான பகுதிகளில் நெடுந்தூரம் செல்லும் மூத்த மாணவர்களுக்குப் பயன்படும். ஆறு வயதுக் குழந்தைக்கு அது கவனத்தைச் சிதறடிக்கும் சுமையே.

பழகும் முறை

1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடல் கிடையாது. கால்களால் தரையை உந்தி, பின் கால்களைத் தூக்கி உருண்டு செல்வதே அதன் முறை. பெடல் பின்னரே வந்தது. குழந்தைக்கும் இவ்வரிசையே பொருந்தும்: முதலில் சமநிலை, பின்னர் பெடல்.

வண்டி இடப்புறம் சாயும்பொழுது கைப்பிடியை இடப்புறமே சிறிது திருப்பினால், சக்கரங்கள் உடலின் அடிக்கு வந்து வண்டி நிமிர்கிறது. சமநிலையின் இரகசியம் இதுவே. பின் சக்கரத்தின் இரு புறமும் பொருத்தப்படும் துணைச் சக்கரங்கள் வண்டியைச் சாயவொட்டாமல் தடுப்பதால், குழந்தை இதைக் கற்க வாய்ப்பின்றிப் போகிறது. அவற்றைக் கழற்றிய அன்று குழந்தை மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேர்வது இதனாலேயே.

இதற்கெனத் தனி வண்டி வாங்கவேண்டுவதில்லை. இருக்கும் சைக்கிளின் பெடல்களைக் கழற்றி, சீட்டைத் தாழ்த்தி, சமதரையில் குழந்தையைக் கால்களால் உந்திப் பழகவிட்டால் போதும். வலப்புறப் பெடலைக் கடிகாரத்தின் எதிர்த் திசையிலும், இடப்புறப் பெடலைக் கடிகாரத்தின் திசையிலும் திருப்பிக் கழற்ற வேண்டும். இடப்புறத்தின் மறை எதிர்த்திசையில் அமைந்துள்ளதை அறியாது வலிந்து திருப்புவோர் மறையைக் கெடுத்துவிடுகின்றனர். கால்களைத் தூக்கியவாறு பத்து மீட்டர் தூரம் தடுமாறாமல் உருளக் கற்ற குழந்தைக்குப் பெடல்களை மீண்டும் பொருத்தித் தரலாம்.

கட்டமைப்பைச் சோதித்தல்

புதிய வண்டியாயினும் பழைய வண்டியாயினும் பின்வரும் சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

1. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றுக. ரிம் பிரேக் கட்டைகளுக்கிடையே இப்படியும் அப்படியும் ஆடாமல் ஓட வேண்டும். போக்ஸ் கம்பிகளை விரலால் தட்டினால், ஒரே புறத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஒலியைத் தர வேண்டும்; மந்தமான ஒலி தளர்ச்சிக்கு அறிகுறி.

2. முன் பிரேக்கைப் பிடித்தவாறு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க. கைப்பிடித் தண்டின் அடியில் 'டக்' என்ற ஒலி எழுந்தால் அங்குள்ள பால்ஸ் தேய்ந்திருக்கலாம், அல்லது இறுக்கம் போதாது.

3. கிராங்கைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடக்கூடாது. செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. அளவே அசைய வேண்டும்.

4. சட்டத்தின் குழாய்கள் இணையும் மூட்டுகளில் வெடிப்போ, வர்ணம் சுருங்கிய அடையாளமோ உள்ளதா என நோக்குக. அங்கு வர்ணம் சுருங்கியிருப்பின், சட்டம் முன்னர் மோதலில் வளைந்திருக்கக் கூடும். அத்தகைய வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

5. செயினை முழுவதும் மூடும் கவர் இருத்தல் அவசியம். சிறுமிகளின் துப்பட்டாவும் பாவாடையும் செயினிலோ பின் சக்கரக் கம்பிகளிலோ சிக்காதபடி பின் சக்கரத்துக்கும் வலைத் தடுப்பு இருப்பது நலம்.

6. பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பான், முன்புறம் வெள்ளைப் பிரதிபலிப்பான், பெல் ஆகியவை இருக்கின்றனவா எனக் காண்க.

வண்டியோடு தலைக்கவசமும் வாங்குவது முறை. அது நெற்றியை மறைத்துக் கிடையாக அமர வேண்டும். தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் இடையே இரு விரல் நுழையும் இடமே இருக்க வேண்டும். தளர்ந்த கவசம் விழும்பொழுது விலகிவிடும்.

நன்கு பேணப்பட்ட பழைய வண்டியை வாங்குவதில் இழுக்கு ஏதுமில்லை. குழந்தை ஓரளவினை இரண்டு மூன்று ஆண்டுகளே உபயோகிப்பதால், சிறுவர் சைக்கிள்கள் தேய்வதற்கு முன்பே சிறியவையாகி விடுகின்றன. ஒரு பள்ளியின் பெற்றோர் தம்முள் இவ்வண்டிகளை மாற்றிக்கொள்ள ஆசிரியர் ஏற்பாடு செய்தால், பொருந்தாத பெரிய வண்டியை வாங்கும் கட்டாயமே பல குடும்பங்களுக்கு நீங்கும்.

பள்ளிக்குச் செல்லும் சைக்கிள்

சைக்கிள் குழந்தையின் கல்வியை எவ்வளவு தூரம் நிர்ணயிக்க முடியும் என்பதற்குப் பீகார் மாநிலம் சான்று தருகிறது. அங்கு 2006-ஆம் ஆண்டில், 9-ஆம் வகுப்பில் சேர்ந்த சிறுமிகளுக்குச் சைக்கிள் வாங்குவதற்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. பொருளாதார ஆய்வாளர்களான கார்த்திக் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும் இதை ஆராய்ந்து, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் சிறுமிகளின் அளவு 32 சதவீதம் உயர்ந்ததாகவும், சிறுவர் சிறுமியர்க்கிடையே இதிலிருந்த வேறுபாடு 40 சதவீதம் குறைந்ததாகவும் கண்டனர். பள்ளியிலிருந்து தொலைவிலுள்ள கிராமங்களிலேயே பயன் மிகுதியாக இருந்தது. மேற்கு வங்காளத்தில் 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய 'சபூஜ் சாத்தி' திட்டமும் 9 முதல் 12 வரையுள்ள வகுப்பு மாணவர்களுக்குச் சைக்கிள் வழங்க ஏற்பட்டதாகும்.

இவ்வயதில் ஒரே வகுப்பு மாணவர்களின் உயரம் பெரிதும் வேறுபடுகிறது. ஒரே அளவில் வந்திறங்கும் வண்டிகள் அனைவருக்கும் அப்படியே பொருந்தா. வண்டி வழங்கப்படும் நாளில் ஆசிரியர் ஒரு ஸ்பேனருடன் இருந்து, ஒவ்வொரு மாணவரின் கால் அளவுக்கும் சீட்டையும், கைக்குப் பிரேக் பிடியையும் சரிசெய்து தருவாராயின், ஒரு வண்டிக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. சீட்டு உயரமாக இருப்பதால் ஓட்ட அஞ்சி வீட்டில் சாத்தி வைக்கப்படும் வண்டி, எந்த மாணவியையும் பள்ளிக்குக் கொண்டு சேர்ப்பதில்லை.

வகுப்பறைப் பயிற்சி

(அ) மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் காலின் உட்புற அளவை எடுத்து, மொத்த உயரத்தில் அது எத்தனை சதவீதம் என்று கணக்கிடுக.

(ஆ) ஒரு சைக்கிளின் பற்களை எண்ணி, பெடலின் ஒரு சுற்றுக்கு அது செல்லும் தூரத்தைக் கணக்கிடுக. பின்னர் தரையில் கோடிட்டு, வண்டியைத் தள்ளி அளந்து, கணக்கோடு ஒப்பிடுக.

(இ) மைதானத்தில் ஒரு கோடு கிழித்து, அதைக் கடக்கும்போது பிரேக் பிடிக்கச் செய்து, வண்டி நிற்கும் தூரத்தை மெதுவான வேகத்திலும் சற்று மிகுந்த வேகத்திலும் அளந்து எழுதுக.

(ஈ) ஆறு மாதத்துக்கு ஒரு முறை கால் அளவை மீண்டும் எடுத்து, தத்தம் சைக்கிளின் சீட்டு உயரத்தை மாற்றிக்கொள்க. வளரும் குழந்தையின் சைக்கிள் ஒரு முறை பொருத்தி முடித்துவிடும் பொருளன்று. குழந்தையோடு சேர்ந்து அதுவும் உயர்ந்துவர வேண்டும்.